பெயர் வெட்டாத கத்தி

நான் பேசாமல் இருந்தது போதும்.

இன்று காலை உன் கத்தியை உறையிலிருந்து உருவினேன். தேங்காயெண்ணெய் வாசனை சமையலறை முழுவதும் பரவியது. டாலஸை ஒட்டிய இந்த ரிச்சர்ட்சனில் பிப்ரவரிக் குளிர். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக்காரர் கார்க் கண்ணாடியில் படிந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். இந்த ஊரில் வேட்டைக் கத்திக்குத் தேங்காயெண்ணெய் பூசியவன் நீ ஒருவன்தான். அந்த வாசனையோடு நீயும் வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "என்னவே, மூஞ்சிய இப்படி வச்சிருக்கீரு? இன்னைக்கு யாரு மேல?" என்று கேட்பாய் போலிருந்தது.

சொல்கிறேன், யார் மேல் என்று.

போன மாதம் நம் தமிழ் வட்டத்தார் உனக்காக இரங்கல் கூட்டம் போட்டார்கள். நூலகத்து அறை, மடக்கு நாற்காலிகள், மூலையில் காபி. தலைவர் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, "எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காத மனிதர்" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். முன்வரிசையில் ஸ்டெல்லா மடியிலிருந்த கைக்குட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் மனைவிக்காகத்தான் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் அங்கே இல்லையென்றால் நாற்காலியை உதைத்துவிட்டு எழுந்திருப்பேன்.

எறும்பைப் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு நவம்பரிலும் நீ மான் சுட்டாய். சுட்டதை நீயே குடல் எடுத்தாய், தோலுரித்தாய், துண்டு போட்டு ஐஸ் பெட்டியில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தாய். எலும்பைக்கூட சூப்புக்கு எடுத்துவைத்தாய். அதைச் செய்தவனும் நீதான், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கண்ணை மூடிக்கொண்டு பாடியவனும் நீதான். இவர்கள் பாடியவனை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவனைக் கழுவிவிட்டார்கள்.

இதே தலைவர் உன் வீட்டில் மான்கறி பிரியாணி சாப்பிட்டவர். மறக்கவில்லை நான். மூன்றாம் தடவை தட்டை நீட்டிக்கொண்டே, "மட்டன் இவ்ளோ சாஃப்டா எங்க சார் கெடைக்குது? ஹலால் கடையிலயா?" என்று கேட்டார். நீ முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், "லோக்கல்தான் சார்" என்றாய். பிறகு யாரோ உண்மையைச் சொல்லப்போக, அடுத்த பிக்னிக்கில் உன் பெயர் 'கசாப்பு' ஆனது. உனக்குக் காதில் விழாமல் இல்லை. "உள்ள போன பிரியாணி இனிமே வெளிய வரவா போகுது, விடும்வே" என்று நீ சிரித்தாய். நான் விடவில்லை. உனக்கும் சேர்த்து நான் கோபப்பட வேண்டியிருந்தது.

கூட்டம் முடிந்து இரண்டு நாள் கழித்து அவர் எனக்கு போன் செய்தார். வட்டத்தின் செய்தி மடலை உன் நினைவு இதழாகக் கொண்டுவரப்போகிறார்களாம். "நீங்க அவரோட க்ளோஸ் ஃபிரண்டு. நீங்க எழுதாம எப்படி? ஆபீஸ், கொயர், ஃபேமிலி, இதெல்லாம் டச் பண்ணுங்க. அந்த... அவுட்டோர் மேட்டர் மட்டும் வேணாமே. லேடீஸ்லாம் படிப்பாங்க."

அவுட்டோர் மேட்டர். தோட்டத்தில் செடி வைத்தாய் என்பது போல.

ஆகவே அந்த அவுட்டோர் மேட்டரைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

நாம் ஒரே டெலிகாம் கம்பெனியில் வேறு வேறு மாடியில் இருந்தோம். நீ தூத்துக்குடிக்காரன், என்னை 'நீரு' என்றும் 'வே' என்றும் கூப்பிடுவாய். நான் மெட்ராஸ்காரன், பழகிய மறுநாளே 'டா' போட்டுவிட்டேன். நீ வேலை செய்த சோதனைக் கூடத்தில் டேல் என்று ஒருவன். அவனும் இன்னும் நாலு பேரும் ஆஸ்டினுக்கு மேற்கே மலைப்பகுதியில் ஒரு பண்ணையாரிடம் வேட்டைக்கு நிலம் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். ஒரு வருடம் உன்னை விருந்தாளியாகக் கூப்பிட்டார்கள். விருந்தாளிக்கு ஒரு தடவைதான். சுடுவது பெரிய விஷயமில்லை, சுட்ட பிறகு என்ன செய்கிறாய் என்று பார்க்க வேண்டும் என்று டேல் சொல்லியிருந்தான். முந்தைய வருடம் வந்தவன் குடலைக் குத்திக் கிழித்து இறைச்சி முழுவதையும் நாறடித்துவிட்டானாம். அவனை மறுபடி கூப்பிடவில்லை.

உனக்கு அந்த அழைப்பு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்கு மட்டும் தெரியும். அவர்களோடு வருடக்கணக்காக ஒரே மேசையில் வேலை பார்த்தாய். மதியம் அவர்கள் ஒரு பக்கம் போவார்கள், நீ உன் டப்பாவோடு ஒரு பக்கம் போவாய். மறு வருடமும் கூப்பிட்டால் நீ விருந்தாளி இல்லை, கூட்டாளி.

"நல்ல கத்தி ஒண்ணு வாங்கணும். நீரும் வாரும்" என்றாய்.

"எனக்கு என்னடா தெரியும்? எங்க வீட்ல முட்டை வாங்கினாலே எங்கம்மா தலைக்கு ஊத்திக்குவாங்க."

"குறை கண்டுபிடிக்கதுல உம்ம மாதிரி ஆளு டாலஸ்லயே கிடையாது. அதுக்குத்தான் கூப்பிடுதேன்."

வேலை முடிந்து நேராகப் போனோம். இர்விங் பக்கம் ஃப்ரீவேயை ஒட்டி ஒரு பெரிய வேட்டைச் சாமான் கடை. கழுத்தில் டையோடு நான். சட்டைப் பையில் ஆபீஸ் அட்டையோடு நீ. கடைக்காரர் தாடி வைத்த ஆஜானுபாகு. நம்மை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முழங்கை நீளத்துக்கு ஒரு கத்தியை எடுத்துக் கண்ணாடி மேசை மேல் வைத்தார். மான் கொம்புப் பிடி, பித்தளைப் பூண்.

"இத வச்சி மான அறுக்கவா, மரத்த அறுக்கவா?" என்று என்னிடம் தமிழில் கேட்டுவிட்டு, அவரிடம் ஆங்கிலத்தில் "ரொம்ப அழகாயிருக்கிறது" என்றாய்.

அன்று நீ கத்தி தேர்ந்தெடுத்த விதத்தைப் பார்க்க அந்தத் தலைவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. முதலில் நீளமான கத்திகளைக் கழித்தாய். மானின் வயிற்றுக்குள் கை மணிக்கட்டு வரை போகும், உள்ளே கண்ணுக்கு எதுவும் தெரியாது. ஆள்காட்டி விரலை அலகின் முதுகில் வைத்தால் விரல் நுனி முனைக்குக் கிட்டே இருக்க வேண்டும் என்றாய். ஆக, விரலைவிடக் கொஞ்சம்தான் நீளம். அடுத்து மடக்குக் கத்திகளைக் கழித்தாய். ஒன்றை விரித்து, மடங்கும் மூட்டைக் காட்டினாய்.

"இதுக்குள்ள ரத்தமும் கொழுப்பும் போய் உக்காந்துக்கிடும். ஊசி வச்சிக் குத்தி எடுத்தாலும் வராது. கை வழுக்குத நேரத்துல மடங்கிச்சின்னா வெட்டுப்படுதது மானு இல்ல, என் விரலு."

கடைசியில் எடை. கனமான கத்திகளை இடுப்பில் வைத்துக் கடைக்குள் நடந்து பார்த்தாய். "பகல் பூரா பாறையிலயும் முள்ளுலயும் நடக்கணும்வே. துப்பாக்கி இருக்கு, தண்ணி இருக்கு. கத்தி இடுப்புல கெடக்கதே தெரியக்கூடாது. கனத்துச்சின்னா, இருக்கட்டும்னு கார்ல வச்சிட்டு வந்துருவோம். கார்ல கெடக்க கத்திய வச்சி என்ன செய்ய?"

இப்படிக் கழித்துக் கழித்து ஐந்தாறு கத்திகள் மிஞ்சின. அதில் சில, கைப்பிடிக்குள் ஓடும் இரும்பில் துளை போட்டு எடையைக் குறைத்து, மேலே ஆரஞ்சு நிற ரப்பர் போர்த்தியவை.

"டேய், இது பசங்க விளையாடற சாமான் மாதிரி இருக்குடா. டேல் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். புல்லுல விழுந்தா தேடப் போறது அவனா?"

பிறகு ஆளைக் காணோம். கழிவறைப் பக்கத்திலிருந்து வந்தாய், மணிக்கட்டு வரை திரவச் சோப்பு வழிய. கடைக்காரரின் தாடியே ஒரு அங்குலம் இறங்கியது. உறை போட்ட கத்திகளை ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு, "இது ரத்தம்னு வச்சிக்கிடும். இழும்வே" என்றாய். டை கட்டிய நான், சோப்புக் கைக்காரன் ஒருவனிடமிருந்து கத்திகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். தள்ளுவண்டியோடு வந்த ஒரு பெண்மணி நம்மைப் பார்த்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போனார். பளபளக்கும் மரப்பிடி என் கையோடு வந்தது. கொம்புப் பிடியும் வந்தது. ஆரஞ்சு மட்டும் வரவே இல்லை. கடைக்காரருக்கு இப்போது ஆர்வம் வந்துவிட்டது. துணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தானும் ஒரு முறை இழுத்துப் பார்த்தார்.

ஆரஞ்சிலும் இரண்டு வடிவம் இருந்தது. ஒன்றின் முனை முதுகைத் தாண்டி மேல்நோக்கி வளைந்திருந்தது. இன்னொன்றில் முதுகு தாழ்ந்து வந்து முனையைச் சேர்ந்தது. உனக்கு வளைந்ததுதான் பிடித்திருந்தது, தோலுரிக்கச் சுகமாக இருக்கும் என்று. நான் விடவில்லை. உன் கையில் மிச்சமிருந்த சோப்பைத் தொட்டுக் கண்ணாடி மேசையில் வரைந்து காட்டினேன்.

"வயித்தைத் திறக்கறப்போ கூர் மேல இருக்கற மாதிரி திருப்பிப் பிடிப்பேன்னு நீதானே சொன்னே? அப்போ முதுகு எந்தப் பக்கம் இருக்கும்? குடல் பக்கம். வளைஞ்ச முனை நேராப் போய்க் குடலைக் குத்தும். தாழ்ந்த முனை வழுக்கிண்டு போயிடும்."

நீ சோப்புக் கோட்டையே வெகுநேரம் பார்த்தாய். "நீரு மான உசுரோட பாத்தது கூட கெடையாது."

"கோணத்தைப் பாத்திருக்கேன்டா."

வளைந்ததைத் திருப்பி வைத்துவிட்டுத் தாழ்ந்த முனையை எடுத்துக்கொண்டாய்.

கல்லாவில் கடைக்காரர், பெயர் வேண்டுமானால் இலவசமாக அலகில் பொறித்துத் தருவேன் என்றார். நான் உடனே "போடச் சொல்லு" என்றேன். பளபளப்பான உலோகத்தைக் கண்டால் பெயர் வெட்டாமல் இருக்க நம் ஆட்களால் முடியாது. என் வீட்டு டம்ளர், கரண்டி, இட்லிப் பானை மூடி வரை என் அப்பாவின் இனிஷியலோடுதான் கப்பலேறி வந்தன. நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு இரவல் குடுக்கப் போறமாவே? பேரு வெட்டுன எடத்துல அழுக்கு உக்காரும். அழுக்கு உக்காந்தா துரு புடிக்கும். பேரு வேண்டாம்."

எனக்குச் சுருக்கென்றது. அந்த வருடம்தான் எங்கள் மாடியில் நான் உட்கார்ந்து வரைந்த ஒரு சர்க்யூட், மேலாளரின் பெயரில் மேலே போயிருந்தது. கூட்டத்தில் எல்லாரும் அவனுக்குக் கை கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். பெயர் என்ற சொல்லைக் கேட்டாலே எரிந்த காலம் அது. உனக்குத் தெரியும். நீ காரில் ஏறியதும் எனக்குப் பிடித்த பாட்டுக் கேசட்டைத் தேடிப் போட்டாய்.

நவம்பர் முதல் சனிக்கிழமை. நான் சுடுவதற்கு வரவில்லை. புளியோதரைக்கும் ஃபில்டர் காபி பிளாஸ்கிற்கும் காவலாக வந்தேன். விடிந்தும் விடியாத நேரம், தரை முழுவதும் வெண்பனி. ஒரே குண்டு. கொம்புள்ள பெரிய மான், நின்ற இடத்திலேயே விழுந்தது. சத்தம் கேட்டு டேலும் மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். கையைக் கட்டிக்கொண்டு வட்டமாக நின்றார்கள். நீ தொப்பியைக் கழற்றி, மானருகே முட்டி போட்டு, ஒரு கணம் தலை குனிந்திருந்தாய். பிறகு இடுப்புக்குக் கை போனது.

கத்தி வரவில்லை.

இழுத்தாய். உறையைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு இழுத்தாய். அசையவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாய். அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

"வே, எண்ண கட்டியாயிட்டுவே!"

மெஷின் எண்ணெய் இறைச்சியில் படக்கூடாது என்று, கிளம்புவதற்கு முன் ஸ்டெல்லாவின் பாட்டிலிலிருந்து தேங்காயெண்ணெயை எடுத்துத் தாராளமாகப் பூசியிருக்கிறாய். மார்கழி வந்தால் எண்ணெய் பாட்டிலை வெயிலில் கொண்டுபோய் வைக்கிற ஊரில் பிறந்தவர்கள் நாம். இரண்டு இன்ஜினீயர்கள். ஒருவனுக்கும் தோன்றவில்லை.

கத்தியை உறையோடு சட்டைக்குள் விட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாய். டெக்சாஸ்காரர்கள் ஐந்து பேரும் உன்னையே பார்த்தார்கள். கத்திக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று டேல் கேட்டான். ஒருவன் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"காபியை ஊத்தும்வே!"

"டேய், டிகாக்‌ஷன் காபிடா!"

"ஊத்தும்ங்கேன்!"

ஊற்றினேன். கும்பகோணம் பக்குவத்தில் போட்ட காபியை ஒரு பிளாஸ்டிக் உறை மேல் ஊற்றியவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஆவி பறக்க, 'சளக்' என்று கத்தி வெளியே வந்தது.

அதன் பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

கூர் மேலே, விரல் முதுகில். தோலுக்கு அடியில் முனையைச் செலுத்தி, பையின் ஜிப்பைத் திறப்பது போல ஒரே கோடாகப் போனாய். எங்கும் நிறுத்தவில்லை, எங்கும் திருத்தவில்லை. கை முழுதும் ரத்தம். பிடி ஒரு மயிரளவும் நழுவவில்லை. உள்ளே கையை விட்டு, பார்க்காமல், விரல் சொல்லச் சொல்ல அறுத்தாய். இரைப்பையும் குடலும் ஒரு சிறு ஓட்டை இல்லாமல், கட்டிய மூட்டை போலப் புல் மேல் வந்து உட்கார்ந்தன. ஒரு துளி கெட்ட வாடை இல்லை. நாற்பது வயதில் நான் முதன்முறையாகப் பார்த்தேன். என் கண்ணைத் திருப்பிக்கொள்ளத் தோன்றவில்லை. என் ஆள், என் ஆள் என்று மனம் அடித்துக்கொண்டது.

டேல் குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தான். பிறகு கத்தியைக் கேட்டு வாங்கி, புல்லில் துடைத்து, அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இந்த வடிவம்தான் வேண்டும் என்று யார் சொன்னது என்று கேட்டான்.

நீ ரத்தக் கையால் என்னைக் காட்டினாய். அத்தனை பேர் முன்னால் உரக்க ஆங்கிலத்தில் சொன்னாய்: "பிடி என் யோசனை. முனை அவருடையது."

அமெரிக்காவில் நான் வேலை பார்த்த இத்தனை வருடத்தில் எவனும் என்னைக் காட்டிச் சொல்லாத வாக்கியம். டேல் என் பெயரைக் கேட்டான். ஒரு தடவை தப்பாகச் சொன்னான், மறுபடி கேட்டுச் சரியாகச் சொன்னான். பிறகு கத்தியை உன்னிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, அடுத்த வருடமாவது அந்தத் தலைக்குத் தேய்க்கிற எண்ணெயை வீட்டில் வைத்துவிட்டு வா என்றான்.

எல்லாரும் சிரித்தார்கள். நீ என் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல், "கேட்டீரா? அடுத்த வருஷம்னுட்டான்" என்றாய்.

அதற்குப் பிறகு எல்லா வருடமும் நீ போனாய். எண்ணெயை மாற்றவில்லை, மெல்லிசாகப் பூசக் கற்றுக்கொண்டாய். கத்தியில் துருப் பொட்டு ஒன்றுகூட இல்லை, இதோ இப்போதும் பார்த்தேன். உன்னை அடக்கம் செய்த அன்று டேலும் மற்றவர்களும் கழுத்தை இறுக்கும் டையோடு வந்து கடைசி வரிசையில் நின்றார்கள். அவர்களைப் பேச யாரும் கூப்பிடவில்லை. வெளியே வந்து டேல் என்னிடம் ஒன்றுதான் கேட்டான்: ஆரஞ்சுக் கத்தி யாரிடம் இருக்கிறது?

என்னிடம்தான். ஸ்டெல்லா அதைச் சமையலறைத் துண்டில் சுற்றிக் கொடுத்தாள். "அண்ணே, இத நீங்க வச்சிக்கிடுங்க. ஆளுக வந்து போற வீடு. பாத்துட்டு ஏதாவது சொல்லுவாங்க." உன் கத்தியை உன் வீட்டிலேயே ஒளித்து வைக்கும்படி ஆயிற்றே என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. அவள் மேல் இல்லை. தலையாட்டியவர்கள் மேல்.

எழுதுவதற்கு முன் நேற்று அவளுக்கு போன் செய்தேன். "அவன் வேட்டைக்குப் போனதைத்தான் எழுதப் போறேன்மா. உனக்குச் சங்கடமா இருந்தா சொல்லிடு, விட்டுடறேன்."

"அந்த எண்ணக் கதையையும் எழுதுதீங்களாண்ணே?"

"எழுதறேன்."

"காப்பி ஊத்துனதையும்?"

"அதையும்தான்."

நீ போன பிறகு அவள் சிரித்து நான் முதல் தடவையாகக் கேட்டேன். "அப்ப எழுதுங்க. எறும்பாம்ல, எறும்பு! எங்க வீட்டு அடுக்களயில எறும்புப் பவுடரு போட்டதே அவருதான்."

எழுதிவிட்டேன். தலைவர் இதழில் போட்டால் போடட்டும். போடாவிட்டால் பிரதியெடுத்து அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு நாற்காலியிலும் நானே வைப்பேன். வரும் நவம்பரில் டேல் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். அப்போதும் நான் சுடப்போவதில்லை. ஆனால் உன் கத்தி என் இடுப்பில் இருக்கும், இருப்பதே தெரியாத கனத்தில். எண்ணெய் மெல்லிசாகத்தான் பூசுவேன்.

கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தேன். நல்ல கறுப்பு மை. என் பெயரை அழுத்தி எழுத இத்தனை வருடம் காத்திருந்தவன் நான். ஆனால் அடியில் என் பெயர் இருந்தால் அவர்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். 'அவனா? அவனுக்கு யாரைத்தான் பிடிக்கும்?' என்று ஆரம்பித்து என் சண்டைகளையெல்லாம் பேசி முடிப்பார்கள். உன்னிடம் வந்து சேரமாட்டார்கள். பெயர் வெட்டின இடத்தில் அழுக்கு உட்காரும் என்றாய். சரிதான்.

பேனாவை மூடிவிட்டேன். யார் எழுதியது என்று ஊகித்தால் ஊகிக்கட்டும், பெயர் இல்லாமலே தலைவருக்குத் தபாலில் போடுகிறேன். முனை யாருடையது என்று உனக்குத் தெரியும்.